பல்லிடையில் தெரிந்த வெண்திட்டு: அடைக்க வேண்டுமா, காத்திருக்கலாமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஐந்து மாதக் கர்ப்பம். பல் சுத்தம் செய்யப் போன கிளினிக்கில், மருத்துவர் வாய்க்குள் ஒரு சிறிய கேமராவை நுழைத்து, "இது எக்ஸ்ரே இல்லை, அகச்சிவப்பு ஒளி; சொத்தை ஒளிர்ந்து காட்டும்" என்று சொல்லி, திரையில் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இரண்டு வெண்திட்டுகளைக் காட்டியிருக்கிறார். இரண்டையும் இப்போதே அடைத்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கிளினிக்கில் வாய்க்குள் சிறு முகக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர், ஒன்றும் தெரியவில்லை, பிரசவத்துக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்றாராம். "இந்தக் கருவியை நம்பலாமா?" என்று முடிகிறது கேள்வி.

கேட்டது கருவியைப் பற்றி. ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, பல்லைத் துளையிட விடலாமா வேண்டாமா என்பது. இவை இரண்டும் ஒரே கேள்வி அல்ல. கருவி சொன்னது சரியாகவே இருந்தாலும் பல்லைத் துளையிடத் தேவையில்லாமல் இருக்கலாம். நான் பினாங்கில் அரசு பல் கிளினிக்கில் தொழிலைத் தொடங்கி, இப்போது கோலாலம்பூரில் சொந்தமாகக் கிளினிக் நடத்துபவன். 22 ஆண்டுகள் ஆகின்றன. இந்த வகைக் கேமரா என்னிடமும் இருக்கிறது. உங்கள் வாயை நான் பார்க்கவில்லை, அதனால் அந்த இரண்டு பற்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தத் திரையில் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று சொல்ல முடியும்.

பக்கத்துப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளி ஒன்று உண்டு. பல்லிடைச் சொத்தை பெரும்பாலும் அந்தப் புள்ளிக்குச் சற்றுக் கீழே, ஈறுக்கு மேலே தொடங்குகிறது. பிரஷ் அங்கே போவதில்லை. எங்கள் கண்ணும் போவதில்லை. ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளின் நடுச்சுவரில் ஈரம் ஊறுவதுபோல. வீதியில் நின்று பார்த்தால் இரண்டு வீட்டின் முகப்பிலும் புதுப் பெயின்ட் பளபளக்கும். ஆகவே இரண்டாவது மருத்துவர் கண்ணாடியில் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். மேற்புறத்தில் சாம்பல் நிழல் தட்டும் அளவுக்கு முற்றினால்தான் கண்ணாடியில் பிடிபடும்.

அதற்காகத்தான் பைட்விங் எக்ஸ்ரே. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோவர்ட் ரேப்பர் 1925இல் கொண்டுவந்த முறை. சிறு தகட்டைக் கடித்துக்கொண்டு மேல், கீழ்க் கடைவாய்ப் பற்களை ஒரே படத்தில் பிடிப்பது. நூறு ஆண்டுகள் ஆகியும் அதை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதன் குறை நாங்கள் எல்லோரும் அறிந்ததே: கனிமம் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் கரைந்த பிறகுதான் படத்தில் நிழல் விழும். எனாமலில், அதாவது பல்லின் கெட்டியான வெளி ஓட்டில், ஆரம்ப நிலையில் உள்ள திட்டு அதன் கண்ணிலிருந்து தப்பிவிடும். கதிர் சற்றுக் கோணலாக விழுந்தால் இரண்டு பற்களும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பார்க்க வேண்டிய இடமே மறைந்துவிடும்.

கர்ப்பிணி என்பதால் கதிர்வீச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் சென்சாரும், கதிரைத் தேவையான இடத்தோடு மட்டும் நிறுத்தும் செவ்வகக் குவிப்பானும் வைத்து நான்கு பைட்விங் எடுத்தால் உடலுக்குச் சேரும் அளவு சுமார் 5 மைக்ரோசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் மனிதருக்குச் சேரும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மைக்ரோசீவர்ட். கதிர் குறிவைப்பது கன்னத்தை. வயிற்றைச் சேர்வது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. தேவை இருந்தால் கர்ப்ப காலத்திலும் பல் எக்ஸ்ரே எடுக்கலாம் என்பதே மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு. அவசரமில்லாததைத் தள்ளிப்போடுவது ஆபத்துக்காக அல்ல, மன அமைதிக்காக. என் கிளினிக்கில் மாமியார் வாசலிலேயே நின்று, "எக்ஸ்ரே மட்டும் வேண்டாம் டாக்டர்" என்று சொல்லும்போது நான் இந்தக் கணக்கையெல்லாம் விரிப்பதில்லை.

இனி அந்த ஒளி. இருட்டில் டார்ச் லைட்டை விரல் நுனியில் அழுத்தினால் சதை சிவப்பாக மட்டும் ஒளிரும். நீலமும் பச்சையும் உள்ளேயே மடிந்துபோக, சிவப்பு மட்டும் மறுபக்கம் வந்து சேர்கிறது. எனாமலிலும் அலைநீளம் கூடக்கூட வழி திறக்கிறது, ஆனால் காரணம் வேறு: எனாமல் ஒளியை விழுங்குவதைவிடச் சிதறடிப்பதே அதிகம், நீண்ட அலைகளை அது அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் டேனியல் ஃபிரைடும் அவர் குழுவினரும் அளந்து காட்டிய கணக்குப்படி, பச்சை ஒளியைவிட 1310 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி நல்ல எனாமலில் சுமார் 30 மடங்கு குறைவாகச் சிதறுகிறது. நல்ல எனாமல் அந்த ஒளிக்கு ஜன்னல் கண்ணாடி. கனிமம் கரைந்து நுண்துளை விழுந்த இடமோ மூடுபனி. அங்கே ஒளி தாறுமாறாகச் சிதறும். அந்த வேறுபாடுதான் திரையில் படமாகிறது. கிளினிக்குகளில் உள்ள கருவிகள் 1310 வரை போவதில்லை. சாதாரண சிலிக்கான் சென்சாருக்கு ஏறக்குறைய 1000 நானோமீட்டருக்கு மேல் கண் தெரியாது, அதைத் தாண்டிப் பார்க்கும் சென்சார் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் விற்பனையில் உள்ளவை 780, 850 என்ற எண்களைச் சுற்றியே நிற்கின்றன.

"ஒளிர்ந்து காட்டும்" என்று உங்களிடம் சொன்னதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அகச்சிவப்பு என்ற பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன, எங்கள் தொழிலில் இருப்பவர்களே மூன்றையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். முதலாவது, ஒளியைப் பல்லின் இருபக்கமும் ஈறு வழியாக உள்ளே அனுப்பி மேலிருந்து பார்ப்பது. டயக்னோகேம் என்ற கருவி 780 நானோமீட்டரில் செய்வது இதைத்தான். இதில் நல்ல எனாமல் வெளுப்பாக, கெட்ட இடம் கறுப்பு நிழலாகத் தெரியும். இரண்டாவது, ஒளியை மேலிருந்து அடித்து, திரும்பி வருவதைப் பிடிப்பது. பற்களைச் சீராக்கும் கிளினிக்குகளில் உள்ள ஐடெரோ 5டி போன்ற ஸ்கேனர்கள் 850இல் இப்படித்தான் பார்க்கின்றன. இதில் எல்லாம் தலைகீழ்: நல்ல எனாமல் இருட்டு, கெட்ட இடம் வெள்ளை. நீங்கள் பார்த்தது வெண்திட்டு என்பதால் இந்த இரண்டாவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது எதிரொளி. ஒளிர்வு அல்ல.

உண்மையான ஒளிர்வு மூன்றாவது வகை. ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிற ஒளியை உமிழ்வது. 1998இல் வந்த டயக்னோடென்ட் இதற்குப் பழைய உதாரணம். 655 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பல்லில் பாய்ச்சினால், சொத்தைக்குள் கிருமிகள் விட்டுவைத்த பார்ஃபிரின் என்ற பொருள்கள் அதைவிட நீண்ட அலையில், அகச்சிவப்பின் வாசலில், ஒளிரும். கருவி படம் காட்டாது. 0 முதல் 99 வரை ஓர் எண்ணைக் காட்டிக் கூவும். அது பார்ப்பது கனிம இழப்பை அல்ல, கிருமி வாழ்ந்த தடத்தை. அதனால் கற்காரை, தேநீர்க் கறை, பாலிஷ் செய்த பசையின் மிச்சம் எல்லாவற்றுக்கும் கூவும். வெற்றிலை போடும் பாட்டி ஒருவர் வாயில் வைத்தால் பல்லுக்குப் பல் கூவும். கடைவாய்ப் பல்லின் மேற்பள்ளங்களில் அது உதவியாக இருந்தது. பல்லிடுக்கில் அவ்வளவு நம்பத்தகுந்ததாக இல்லை. ஒளிர்வை இன்னொரு வழியிலும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1959 முதல் அனுமதி பெற்று, கல்லீரல், இதயம், கண் பரிசோதனைகளில் பயன்படும் இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தைப் பல்லில் ஊறவிட்டால், நுண்துளை விழுந்த எனாமல் அதை உறிஞ்சிக்கொள்ளும். சுமார் 780இல் ஒளியூட்டினால் 800ஐத் தாண்டி ஒளிர்ந்து, அந்த இடத்தை மட்டும் எடுத்துக்காட்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது ஆய்வுக்கூட விஷயம். அந்தச் சாயத்தில் அயோடைடு கலந்திருப்பதால் அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு யோசிக்க வேண்டும். உங்கள் கிளினிக்கில் எந்தச் சாயமும் தடவவில்லை என்றால் இதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வெறும் பெயர் விவகாரம் இல்லை. கருவி வாங்கிய புதிதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஓர் இளைஞர், வலி எதுவும் இல்லாதவர். திரையில் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் தெளிவான திட்டு. புதுக் கருவி தந்த உற்சாகத்தில் அன்றே துளையிட்டேன். உள்ளே போனால் எனாமல் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது, ஆனால் கல்லாகக் கெட்டி. குழி இல்லை, மென்மை இல்லை. ஃபுளோரைடு வைத்து விட்டிருந்தால் அப்படியே நின்றிருக்கும். படம் பொய் சொல்லவில்லை. அங்கே கனிமம் குறைந்திருந்தது உண்மை. அதை ஓட்டை என்று வாசித்தது நான். இப்போது அந்தப் பல்லில் நான் வைத்த அடைப்பு இருக்கிறது, என்றாவது ஒருநாள் அது தேயும், மாற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. ஒளி காட்டுவது நுண்துளை விழுந்த எனாமலை. அடைக்க வேண்டியதோ மேற்பரப்பு உடைந்து குழியானதை. மேற்பரப்பு உடையாதவரை உமிழ்நீரும் ஃபுளோரைடும் அந்த இடத்துக்குக் கனிமத்தைத் திருப்பித் தர முடியும், சொத்தையை நிறுத்த முடியும். உடைந்துவிட்டால் கிருமிக்குக் கூரை கிடைத்துவிடுகிறது, பல்லிடை நூல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், குழிக்குள் இறங்காது. எனாமலோடு நின்றுவிட்ட பல்லிடைத் திட்டுகளில் பெரும்பாலானவற்றில் குழி இருப்பதில்லை. எனாமலுக்கு அடியில் உள்ள மென்மையான அடுக்கான டென்டினுக்குள் ஆழமாக இறங்கியவற்றில் பெரும்பாலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, டென்டினின் வெளி விளிம்பைத் தொட்ட நிலைதான் எங்களுக்குத் தலைவலி. அங்கே அகச்சிவப்புப் படமும் கைகொடுப்பதில்லை, ஏனென்றால் டென்டினே ஒளியைப் பலமாகச் சிதறடிக்கும் பொருள். ஆழம் பார்க்க வேண்டுமென்றால் பைட்விங்தான். அதுகூட உண்மையான ஆழத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

எது உறுதி, எது சந்தேகம் என்றால் இப்படிச் சொல்வேன். எனாமலில் உள்ள ஆரம்பப் பல்லிடைத் திட்டைக் கண்டுபிடிப்பதில் அகச்சிவப்பு முறை பைட்விங்குக்குச் சளைத்ததல்ல. பல ஆய்வுகளில் அதைவிட அதிகமாகவே பிடித்திருக்கிறது. கதிர்வீச்சு இல்லாததால் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். இவை உறுதி. பழைய உலோக அடைப்பு, கிரீடம் (பல்மேல் மாட்டும் உறை) உள்ள பல்லில் அது குருடு. ஈறுக்கு அடியிலும், வேர் நுனியிலும், எலும்பு இறங்கியிருக்கிறதா என்பதிலும் அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. இதுவும் உறுதி. ஆகவே எக்ஸ்ரேக்கு மாற்று என்று யாராவது விளம்பரம் செய்தால் பாதி உண்மை. சந்தேகத்துக்குரியது வேறு: இத்தனை சீக்கிரம் கண்டுபிடிப்பதால் நோயாளிக்கு நீண்ட காலத்தில் நன்மையா, அல்லது அடைப்புகளின் எண்ணிக்கை மட்டும் கூடுகிறதா. இந்த முறைகளைச் சோதித்த ஆய்வுகளில் கணிசமானவை பிடுங்கிய பற்களை மேசையில் வைத்துச் செய்தவை. மேசையில் எச்சில் ஊறுவதில்லை, நோயாளி நாக்கால் கேமராவைத் தள்ளுவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பல்லிடுக்குகளில் பத்தில் மட்டும் சொத்தை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கருவி பத்தில் எட்டைப் பிடிக்கிறது, நல்ல இடங்களில் பத்துக்கு ஒன்றைத் தவறாகக் குறிக்கிறது என்றால் நல்ல கருவி என்றுதான் சொல்வோம். ஆனால் நல்லவை தொண்ணூறு இருப்பதால் தவறான குறி ஒன்பது. சரியான குறி எட்டு. திரையில் குறிவைத்த பதினேழில் பாதிக்கு மேல் வெறுங்குறி. பல் நல்ல நிலையில் உள்ளவரின் வாயில் இப்படிப்பட்ட கருவியை வைத்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொன்னேன். நிறையச் சொத்தை உள்ள வாயில் கணக்கு மாறும். ஸ்கேனரின் விலையை மீட்டெடுக்க வேண்டும் என்ற நினைப்பு எங்களுக்கு இல்லவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். அதை நான் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் முதல் மருத்துவர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. அவர் உங்களிடம் படத்தைத் திருப்பிக் காட்டினாரே, அதுவே நல்ல அறிகுறி.

குழி விழுந்திருக்கிறதா என்று அறிய விலையில்லாத ஒரு பழைய வழி இருக்கிறது. இந்த உரையாடல்களில் யாரும் அதைச் சொல்லாதது எனக்கு வியப்பு. பல் வரிசைக்குக் கம்பி போடுமுன் வைக்கும் நீல நிற ரப்பர் வளையத்தை அந்த இரண்டு பற்களுக்கு நடுவே வைத்து, இரண்டு மூன்று நாள் விட்டால், ஒரு சிறு இடைவெளி திறக்கும். வளையத்தை எடுத்துவிட்டு நேரே பார்க்கலாம், மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். பிறகு பற்கள் தானாகத் திரும்பி நெருங்கிவிடும். கர்ப்ப காலத்தில் இதற்கு எந்தத் தடையும் இல்லை, ஈறு வீங்கியிருந்தால் சற்று அசௌகரியம், அவ்வளவுதான்.

குழி இல்லையென்றால் செய்ய நிறைய இருக்கிறது, துளையிடுவது அதில் இல்லை. 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு பூச்சை கிளினிக்கில் தடவலாம். வீட்டில் 1450 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் இரவில் பல்லிடை நூலும். திட்டு எனாமலின் உட்பாதியை எட்டியிருந்தால், அமிலக் கூழால் மேற்பரப்பைத் திறந்து, நீர்போல் மெல்லிய பிசினை நுண்துளைகளுக்குள் ஊறவிட்டு அடைக்கும் முறை ஒன்று 2009 வாக்கில் வந்தது; அதிலும் துளையிடல் கிடையாது, ஊசி பெரும்பாலும் தேவையில்லை. சாதாரண அடைப்பு என்றால், பல்லின் நடுவே ஒளிந்திருக்கும் சிறு இடத்துக்குப் போக மேலிருந்து நல்ல பல்லை உடைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது பக்கத்துப் பல்லைக் கருவி உரசிவிடுவது நாங்கள் அதிகம் பேச விரும்பாத, அடிக்கடி நடக்கும் விஷயம்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? கோலாலம்பூர்க் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். மலேசியாவில் 2005க்குப் பிறகு அந்த அளவு 0.5 பிபிஎம். கரி வடிகட்டி அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் எதிர்ச் சவ்வூடுபரவல் இயந்திரம், கடைக்காரர் 'ஆர்ஓ' என்று சொல்வது, பெரும்பகுதியை எடுத்துவிடும். மாதத் தவணையில் அந்த இயந்திரத்தை வாங்கிய வீடுகளில் பல் திட்டு கூடியிருக்கிறது என்று நான் நிரூபிக்கவில்லை. நான் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று, அவ்வளவே. அதைவிடப் பெரியது, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கைக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் வரை ஒவ்வொரு மிடறாகக் குடிப்பது. சர்க்கரை எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே எனாமலுக்குப் பெரிது. கர்ப்ப காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டியிருக்கிறது, வாந்தியும் சேர்கிறது. வாந்தி எடுத்தவுடனே பல் துலக்க வேண்டாம். அமிலம் மென்மையாக்கிய எனாமலை பிரஷ் தேய்த்துவிடும். தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

நீங்கள் என் நோயாளியாக இருந்தால், அந்த இரண்டு படங்களையும் முதல் கிளினிக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். உங்கள் பல்லின் படம்தான், கேட்கலாம். திட்டு எனாமலுக்குள் நிற்கிறதா, எனாமலும் டென்டினும் சேரும் கோட்டைத் தொடுகிறதா என்று பார்ப்பேன். தொடவில்லை என்றால் ஃபுளோரைடு பூச்சு, பிறகு அதே கருவியில், அதே கோணத்தில் ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒரு படம். எனாமல் திட்டு நகர்வது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில்தான், மாதக்கணக்கில் அல்ல. தொட்டிருந்தால் ரப்பர் வளையம் வைத்துப் பார்ப்பேன், அதில் குழி தெரிந்தால் தயங்காமல் அடைப்பேன். நீங்கள் இப்போது இருக்கும் நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியான காலம், மரத்துப்போகும் ஊசியும் போடலாம். பைட்விங் பிரசவத்துக்குப் பிறகு எடுக்கலாம். ஆனால் இரவில் தூக்கத்தை எழுப்பும் வலி, சூடு பட்டால் நீளமாக நிற்கும் வலி, கன்னத்தில் வீக்கம், இவற்றில் எதுவாவது இருந்தால் மேலே எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அன்றே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.